ஊரில் ஒரு நோன்பு விட்டதில்லை, ஹாஸ்டலில் ஒன்றுகூட இல்லை. அப்போ ஊரில் பிடித்தது நடிப்பா?

7 மார்ச் 2025 (வாசகர் கேள்வி)

முஸ்லிம் வீட்டுப் பையன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஊரில் எல்லா நோன்பும் பிடித்தேன். ஹாஸ்டலுக்கு வந்ததிலிருந்து ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இங்கே யாரும் கேட்பதில்லை, எனக்கும் தோன்றவில்லை. நேற்று கிரிக்கெட் வீரர் முகமது ஷமி விஷயத்தைப் பார்த்ததும் மண்டைக்குள் குடைகிறது. ரமலான் பகலில், துபாயில் நடந்த சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் பவுண்டரி ஓரம் நின்று எதையோ குடித்தார் என்று அவரைப் பாவி என்கிறார்கள். அப்படியானால் எல்லாரும் ஊருக்குப் பயந்துதான் பிடிக்கிறோமா? நான் இத்தனை வருடம் பிடித்தது நடிப்பா? திட்டாமல் யாராவது பதில் சொல்லுங்கள்.

7 மார்ச், இரவு

திட்ட என்ன இருக்கிறது, தம்பி. முதலில் ஷமியை முடித்துவிடுவோம். சென்ற 4ஆம் தேதி ஆட்டம், ஆஸ்திரேலியாவுடன். அவர் வெளிநாட்டில் இருக்கிறார், பயணி. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் பிடித்துக்கொள்ளலாம் என்று குர்ஆனே சொல்கிறது (2:184). ஆரோக்கியமாக ஓடியாடி விளையாடுகிறவர் நோன்பை விடுவது குற்றம் என்பது அவரைப் பாவி என்ற பரேலி மவுலானாவின் வாதம். வேறு மவுலானாக்களே அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். 2012இல் தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா லண்டன் ஓவலில் ஆட்டமிழக்காமல் 311 அடித்ததும் ரமலான் நேரம்தான். பயணத்தில் இருக்கிறேன், ஊருக்குப் போய்ப் பிடித்துக்கொள்வேன் என்று அவர் சொன்னார், எல்லாரும் அதோடு விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்கப் போனார்கள்.

புகாரி நபிமொழித் தொகுப்பில் நபித்தோழர் அனஸ் அவர்கள் சொன்ன செய்தி ஒன்று உண்டு. நபியவர்களோடு பயணம் போவோம், எங்களில் நோன்பு பிடித்தவர் பிடிக்காதவரைக் குறை சொன்னதில்லை, பிடிக்காதவர் பிடித்தவரையும் குறை சொன்னதில்லை என்று. சகாபாக்களுக்கு (நபித்தோழர்களுக்கு) இருந்த பெருந்தன்மை செய்திச் சேனலில் மைக் நீட்டப்படுகிறவர்களுக்கு வருவதில்லை.

உங்கள் கேள்விக்கு ‘நடிப்பு இல்லை’ என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஏன் என்று யோசித்து எழுத வேண்டும். தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) முடித்து வந்து கண் சொருகுகிறது. நாலு மணிக்குள் எழ வேண்டும்.

8 மார்ச்

யோசித்ததில் முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமை. எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம், கடலோரம். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு உம்மா பெரியவர்களை மட்டும்தான் எழுப்புவார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, தூங்கட்டும் என்று என்னை விட்டுவிடுவார். அடுப்படியில் சட்டி உருளும் சத்தம் கேட்கும். மீன் குழம்பைச் சூடு பண்ணும் வாசம் வரும். லாத்தாவும் (அக்கா) காக்காவும் (அண்ணன்) கிசுகிசுவென்று பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள். நமக்கு அங்கே இடமில்லை என்ற கொதிப்பில் பாயில் புரண்டு புரண்டு இருமுவேன். கடைசியில் உம்மாவே ‘வந்து தொலை’ என்பார்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இறையச்சம் எங்கிருந்து வரும்? நீங்கள் இறையச்சம் உடையோர் ஆவதற்காக நோன்பு என்று 2:183 சொல்கிறது. எனக்கு அப்போது பெரியவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்றிருந்தது. உச்சிக்கு மேல் தாங்காது, லுஹர் பாங்கோடு ‘பாதி நோன்பு’ திறந்துவிடுவோம். அப்படி ரெண்டு பாதி சேர்த்தால் ஒன்று என்று லாத்தா கணக்குச் சொல்வாள்.

மதரஸாவில் கண்காணிப்பு இன்னும் கெடுபிடி. ‘நாக்கை நீட்டு’ என்பார்கள். வெள்ளையாக இருந்தால் நோன்பாளி, சிவப்பாக இருந்தால் திருட்டுத்தனமாகத் தின்றவள். எச்சிலை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்று எவளோ கிளப்பிவிட்டதில், சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து துப்பிக்கொண்டே அலிஃப் பே ஓதினோம். ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் வந்து அது முறிக்காது என்று சொன்ன பிறகும் நாங்கள் நம்பவில்லை. துப்பாதவளைச் சந்தேகமாகத்தான் பார்த்தோம்.

9 மார்ச்

பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார்: தொழுகையைக் காட்டிக்கொள்ளலாம், தர்மத்தைக் காட்டிக்கொள்ளலாம், நோன்பை மட்டும் நடிக்க முடியாது, அதனால்தான் ‘நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன்’ என்று அல்லாஹ் சொல்வதாக ஹதீஸ் (நபிமொழி) வருகிறது என்று.

நடிக்க முடியாது என்பது சரியில்லை. நடிப்பதற்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாலையில் கஞ்சிக்கு முதல் வரிசையில் உட்கார்ந்தால் போதும். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தம்பிக்கு ஒரு கேள்வி. ஏப்ரல், மே வெயிலில் அஸர் தொழுகைக்கு ஒளு செய்யும்போது (வாய் கொப்பளித்து, முகம் கைகால் கழுவுவது) வாய் நிறையத் தண்ணீர் இருக்கும். தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு மிடறு இறங்கினால் யாருக்குத் தெரியும்? ஊரில் இருந்தபோது விழுங்கினீர்களா, துப்பினீர்களா?

(இன்று இறுதி ஆட்டம். இஃப்தாருக்கு அப்புறமும் ஓடியதால் தராவீஹுக்கு எங்கள் தெருவில் கூட்டம் குறைவு. இதற்கு எந்தச் சேனலும் மைக் நீட்டவில்லை.)

10 மார்ச்

‘துப்பினேன். ஒரே ஒரு தடவை தவிர’ என்கிறார் தம்பி.

அப்புறம் என்ன? குளியலறைக்குள் எந்த ஜமாஅத் தலைவர் வந்து நின்றார்? அங்கே துப்பியது ஊருக்காக இல்லை. அந்த நாளில் ஊருக்காக இருந்தது வேறு. சஹருக்கு எழுந்தது, கடை வாசலில் நிற்காதது, அதெல்லாம். ரெண்டும் ஒரே நோன்புக்குள்தான் இருந்திருக்கிறது.

11 மார்ச்

ஒரு தகவல். பியூ ஆய்வு மையம் 2012இல் 39 நாட்டு முஸ்லிம்களிடம் எடுத்த கணக்கை வெளியிட்டது. ரமலானில் நோன்பு பிடிக்கிறோம் என்றவர்கள் நாடுகளின் நடுமதிப்பில் 93 சதவீதம். தினமும் ஐந்து வேளை தொழுகிறோம் என்றவர்கள் 63 சதவீதம்தான். மார்க்கத்தில் தொழுகைதான் முந்தியது, வருடம் பூராவும் உள்ளது. நோன்பு உடலை வாட்டுவது. இருந்தும் தொழாதவர்கூட நோன்பு பிடிக்கிறார். எங்கள் தெருவிலேயே பார்க்கலாம், பதினோரு மாதம் பள்ளிப் படி மிதிக்காதவர் ரமலானில் தொப்பியோடு திரிவார். சுபுஹை (விடியல் தொழுகையை) தனியாகத் தொழ வேண்டும், நோன்பை ஊரோடு சேர்ந்து பிடிக்கிறோம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

வாயால் சொன்ன கணக்கு, அதில் எத்தனை பேர் ஒளித்துத் தின்றவர்கள் என்று ஒரு நண்பர் கேட்கிறார். நியாயமான சந்தேகம். அப்படிப் பொய் சொல்லியிருந்தால், தொழுகையைப் பற்றிச் சொல்லாத பொய்யை நோன்பைப் பற்றி மட்டும் ஏன் சொல்கிறார்கள்? அந்த அளவுக்கு வெட்கம் இதில் இருக்கிறது.

13 மார்ச்

வெட்கம் என்றதும் பெண்கள் விஷயத்தை எழுதாமல் விட முடியாது. ஆண்கள் கடந்து போகலாம், படித்தாலும் நல்லதுதான்.

மாதவிடாய் நாட்களில் நோன்பு கிடையாது. பிடிக்கவே கூடாது, அப்புறம் வேறு நாட்களில் பிடித்துக் களா செய்ய வேண்டும். நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகி காலத்திலிருந்து இதில் மாற்றுக் கருத்து இல்லை. இது தெரியாத முஸ்லிம் ஆணும் இல்லை. ஆனால் எங்கள் வீடுகளில் எப்படி நடக்கும்? ‘எனக்குத் தொழுகை இல்லை’ என்று உம்மாவின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். ஆண்கள் சந்தேகப்படக் கூடாது என்று சஹருக்கும் எழ வேண்டும். நோன்பே இல்லாதவள் நாலு மணிக்கு எழுந்து, சாப்பிடுகிறவள்போல் தட்டை அலம்பி வைக்க வேண்டும்.

கல்யாணமாகிப் போன முதல் ரமலானில் மாமியார் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பகலில் சாப்பிட்டேன். இடது கையில் தட்டு, சஹரில் மிஞ்சிய இடியாப்பம், மேலே தேங்காய்ப்பால். கதவிடுக்கு வழியாகத் திண்ணை தெரியும். மாமனார் தொண்டையைச் செருமினால் வாயில் இருப்பது அப்படியே நின்றுவிடும், மெல்ல மாட்டேன். அவர் தஸ்பீஹ் மணி உருட்டும் சத்தம் திரும்பக் கேட்டதும்தான் விழுங்குவேன். மார்க்கம் என்னைச் சாப்பிடச் சொல்லியிருந்தது. பாவம் செய்கிறவள் மாதிரிதான் சாப்பிட்டேன்.

கிறுக்கு எங்கே என்றால், ஊரின் கண் அதிகம் உறுத்துவது விலக்கு உள்ளவர்களைத்தான். காரணமே இல்லாமல் நோன்பை விடும் வாலிபன் பைக்கை எடுத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டுப் பக்கம் போய்ப் புரோட்டா தின்றுவிட்டு வருவான். முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சிக்கும் வந்துவிடுவான். எங்கும் போக முடியாதவள் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள்.

14 மார்ச்

‘வெட்கம் ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு பகுதி, சகோதரி. பொதுவில் பேச வேண்டிய விஷயமா இது?’ என்று ஒருவர்.

நோன்பாளி முன்னால் தட்டை வைத்துக்கொண்டு உட்காராதது மரியாதை. அதை நானும் செய்வேன். ஒருத்தியை சஹரில் எழுந்து நாடகம் போட வைப்பது மரியாதையில் சேராது. என் மகள் இந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. போன வருடம் பட்டப்பகலில் ஹாலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். ‘உனக்கு நோன்பு இல்லையா?’ என்றான் தம்பிக்காரன். ‘இல்லை’ என்றாள். அவன் மொபைலுக்குத் திரும்பிவிட்டான். உம்மாவுக்குத்தான் படபடவென்று வந்துவிட்டது.

16 மார்ச்

வாப்பாவுக்குச் சர்க்கரை. கடைசிப் பத்து வருடம் இன்சுலின். நோன்பு வேண்டவே வேண்டாம், ஃபித்யா கொடுங்கள் என்று டாக்டரும் சொன்னார், ஹஜ்ரத்தும் சொன்னார். நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவு, அவ்வளவுதான். கணக்குப் போட்டு முன்கூட்டியே அரிசி கொடுத்துவிடுவார். அதற்கு மேலும் கடையில் யாராவது ‘நோன்பா?’ என்றால் ‘ஆமா’ என்பார். உச்சிவேளையில் ஷட்டரைப் பாதி இறக்கி, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவைத் திறப்பார். ஒரு நாள் அப்படிச் சாப்பிடக்கூட முடியாமல் வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருந்து, சர்க்கரை இறங்கி, கல்லாப்பெட்டி மேலேயே சரிந்துவிட்டார். பக்கத்துக் கடை செட்டியார்தான் வாயில் சர்க்கரையைப் போட்டு எழுப்பினார். வாப்பா கண் திறந்ததும் முதலில் கேட்டது: ‘யாரும் பார்த்தாங்களா?’

அவர் ஒருவர் இல்லை. எபிடியார் என்று ஒரு ஆய்வு, 2001இல் 13 நாடுகளில் 12,000 பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகளிடம் எடுத்தது. இரண்டாம் வகை நோயாளிகளில் சுமார் 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு பிடித்திருந்தார்கள். முதல் வகை, அதாவது இன்சுலின் இல்லாமல் முடியாதவர்களில் 43 சதவீதம். எல்லாரும் ஊருக்குப் பயந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலருக்கு மனசு கேட்காது. ‘இத்தனை வருடம் பிடித்தது, இப்போ எப்படி விட?’ என்பார்கள். வெளியிலிருந்து வரும் நெருக்கடியையாவது அடையாளம் தெரியும், இது உள்ளேயே குடியிருப்பது.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் கவனியுங்கள்: 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பைத் திறக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டி. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் போய்விடுங்கள், இருபதாம் நோன்பில் போய் நிற்காதீர்கள்.

19 மார்ச்

பேச்சு சட்டத்துக்குத் தாவியிருக்கிறது. ‘மலேசியா மாதிரி இங்கேயும் சட்டம் இருந்தால் ஒழுங்கு வரும்’ என்று ஒருவர். மச்சான் கோலாலம்பூரில் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) வேலை பார்த்தவர், அவரிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். அங்கே கூட்டரசுப் பிரதேச ஷரியா குற்றச் சட்டம் 1997, பிரிவு 15: நோன்பு நேரத்தில் முஸ்லிம் பொதுவில் சாப்பிட்டாலும், உடனே சாப்பிட முஸ்லிமுக்கு விற்றாலும், முதல் தடவைக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். கடைக்காரர் வருகிறவரின் முகத்தைப் பார்த்து மதம் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் முகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று மச்சான் சிரிப்பார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1960இல் துனிசியா அதிபர் பூர்கிபா, நாடு முன்னேற வேண்டும், வேலை கெடுகிறது, நோன்பை விடுங்கள் என்று மக்களிடம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. 2014இல் சீனாவின் சின்ஜியாங்கில் அரசு ஊழியர்களும் மாணவர்களும் நோன்பு பிடிக்கக் கூடாது என்று உள்ளூர் அரசு அலுவலகங்கள் அறிவிப்பே போட்டன. பிடி என்று அடிப்பவரும் விடு என்று அடிப்பவரும் கை வைப்பது ஒரே இடத்தில். போலீஸ்காரருக்கு ஒருவரின் வயிற்றுக்குள் என்ன வேலை?

21 மார்ச்

கொஞ்சம் இளைப்பாறலாம். ஆபீஸில் வருடா வருடம் வரும் கேள்விகள்: ‘தண்ணிகூடவா?’, ‘எச்சில்?’, ‘ஒரு மாசத்துல எத்தனை கிலோ குறையும்?’ கடைசிக் கேள்விக்குப் பதில்: கூடும். வடை, சமோசா, கடல்பாசி, ரோஸ்மில்க், மேலே பிரியாணி என்று மக்ரிப், இஷா தொழுகைகளுக்கு நடுவில் உள்ளே தள்ளுவதைப் பார்த்தால் எவருக்கும் தெரியும்.

பக்கத்து சீட் பெண் என் முன்னால் டிபன் பாக்ஸைத் திறக்கத் தயங்கி மாடிக்குப் போய்ச் சாப்பிடுகிறாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன், கேட்கவில்லை. எலுமிச்சை சாதத்தோடு அவள் ஒளிவதைப் பார்த்தால் என் பழைய கதவுதான் ஞாபகம் வருகிறது.

‘கஞ்சி அனுப்புங்க’ என்று கேட்டிருக்கிறவர்களுக்கு: அனுப்ப முடியாது, பள்ளிக்குத் தூக்குவாளியோடு போங்கள். எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் பள்ளி வரிசையில் பாதிப்பேர் மற்ற சமுதாயத்துப் பிள்ளைகள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி, இறக்கும்போது தேங்காய்ப்பால். பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கான அரிசியைத் தமிழக அரசு 2001 முதல் தருகிறது. பள்ளிக் கஞ்சியின் ருசி வீட்டில் வராது. பெரிய தேக்சாவும் விறகும் வேண்டும்.

28 மார்ச்

இன்றோடு 27 நோன்பு முடிகிறது. நேற்று ராத்திரி முழுக்கப் பள்ளியில். அங்கே உட்கார்ந்திருந்தபோது 13ஆம் தேதி எழுதியதை நினைத்துக்கொண்டேன். அதை மட்டும் படிக்கிறவர்கள், இவள் ஊரே வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள். மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும்.

விட்ட நோன்புகளை நான் பெரும்பாலும் டிசம்பரில் களா செய்வேன். பகல் குறைவு, வெயில் இல்லை, தாகம் எடுக்காது. உடம்புக்கு ரமலானைவிட எவ்வளவோ லேசு. ஆனால் எனக்கு அதுதான் மலை. அலாரம் அடித்தால் வீடே தூங்குகிறது. தனியாக அடுப்பைப் பற்றவைத்துத் தனியாகச் சாப்பிட வேண்டும். ஆபீஸில் கேக் வெட்டுகிறார்கள். பாங்கு சொன்னதும் மூன்று பேரீச்சம்பழம், ஒரு சொம்பு தண்ணீர், முடிந்தது. பதினோரு மணிக்கே ‘இன்னிக்கு விட்டுட்டு அடுத்த வாரம் பிடிச்சா என்ன?’ என்று மனசு பேரம் பேச ஆரம்பித்துவிடும். சிலநேரம் பேரத்தில் தோற்றும் இருக்கிறேன். ரமலானில் ஒரு நாளும் இந்தப் பேரம் நடப்பதில்லை.

அதனால், தம்பி, கூட்டம் பொய் இல்லை. தராவீஹ் முடிந்ததும் இமாம் நிய்யத்தை (நோன்பு பிடிக்கிறேன் என்ற உறுதியை) ஒவ்வொரு துண்டாகச் சொல்ல, பள்ளி முழுக்கத் திருப்பிச் சொல்கிறதே, அது ஏகப்பட்ட பலவீனமானவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. நானும் அவர்களில் ஒருத்தி. (வாயால் சொல்வது நபிவழியில் இல்லை என்று தவ்ஹீத் அண்ணன்மார் ஆரம்பிக்க வேண்டாம். அதற்குத் தனி இழை போடுங்கள்.) தோள் கொடுக்கிற அதே கூட்டம் ‘நாக்கை நீட்டு’ என்று கேட்பதுதான் எனக்கு ஆகாது. முதலாவது இல்லாமல் நான் நோன்பாளியாகவே ஆகியிருக்க மாட்டேன். ரெண்டாவது இல்லாமல் வாப்பா அன்றைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பார்.

2 ஏப்ரல்

பெருநாள் வேலையில் வர முடியவில்லை. எல்லாருக்கும் வாழ்த்து.

தம்பி எழுதியிருக்கிறார்: ஹாஸ்டலில் இன்னும் நாலு முஸ்லிம் பையன்கள் இருந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமலே. கடைசி மூன்று நோன்பைச் சேர்ந்து பிடித்தார்களாம். மெஸ்ஸில் சஹருக்கு ஒன்றும் கிடைக்காது, ராத்திரியே வாங்கிவைத்த பிரெட்டும் வாழைப்பழமும். ‘இதுவும் கூட்டத்துக்காகத்தானே?’ என்று குத்தலாக ஒரு கேள்வி வேறு. ஆமாம், கூட்டத்தோடுதான். இருக்கட்டுமே. யாரும் நாக்கைப் பார்க்கவில்லை அல்லவா?

விட்ட வருடங்களுக்கு என்ன செய்வது என்கிறார். பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு, காரணமில்லாமல் விட்டாலும் களா கடன் நிற்கும் என்பதே. எங்கள் கடலோர ஊர்கள் ஷாஃபி சட்டப்பள்ளியைப் பின்பற்றுபவை. அதில் தகுந்த காரணமில்லாமல் அடுத்த ரமலானையும் தாண்டவிட்டால் நாளுக்கு ஒரு ‘முத்து’ (அது ஓர் அளவு) தானியமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஹனஃபி சட்டப்பள்ளியில் அந்தத் தானியம் இல்லை. உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். எப்போது தொடங்குவது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் சொன்னால் ‘லாத்தா சொன்னாங்க’ என்று பிடிப்பீர்கள், அப்புறம் திரும்பவும் முதல் கேள்விக்கே வந்து நிற்பீர்கள்.

17 ஏப்ரல்

பெருநாளுக்குப் பிறகு பிடிக்கும் ஷவ்வால் ஆறு நோன்பா, களாவா, எது முதலில் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கடன் முதலில் என்பதுதான் பொதுவாகச் சொல்வது. ஆனால் ஆயிஷா நாயகி தம் களாவை அடுத்த ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதம்வரை தள்ளிப்போட்டிருக்கிறார்கள், அதனால் அவசரம் இல்லை.

சொந்தக் கதை ஒன்று. டிசம்பரில் தனியாக மல்லுக்கட்ட முடியவில்லை என்று லாத்தாவிடம் புலம்பினேன். அவள் குடும்பத்துப் பெண்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்தாள். திங்கள், வியாழன் சேர்ந்து களா பிடிப்பது. நாலு மணிக்கு ஒருத்தி மாற்றி ஒருத்தி போன் போட்டு எழுப்புவோம். அருமையாகப் போனது, எனக்குப் பேரம் பேசும் தொல்லையே இல்லை. சென்ற வாரம் மாமி மகள் ஒருத்தி ஒரு பட்டியல் போட்டாள். பெயர், விட்டது எத்தனை, முடித்தது எத்தனை, மீதி எத்தனை. முடித்தவர்களுக்குப் பச்சை டிக். ரெண்டு நாளில் ரெண்டு பேர் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி பால் கொடுக்கிற தாய்.

பட்டியலை எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். ‘ஒரு ஊக்கத்துக்குத்தானே லாத்தா’ என்கிறாள். இன்னும் எடுக்கவில்லை.